ஒலிம்பிக் பெயரா, ரக்பி பெயரா? டர்பனில் 21ஆம் பிறந்தநாளுக்கு வாட்ச் வாங்குமுன்

டர்பன் வீடுகளில் பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் அலங்காரச் சாவி, கேக், அவற்றோடு நல்ல வாட்ச் ஒன்றும் வந்து சேரும். பட்டமளிப்புக்கும், சித்தப்பா ஓய்வு பெறுவதற்கும் அதேதான். பணம் சேர்ந்ததும் வாக்குவாதம் தொடங்கும். ஒலிம்பிக்கில் நேரம் பார்க்கும் ஒமேகாதான் வேண்டும் என்பார் மாமா. ரக்பிப் பைத்தியமான அண்ணன் டியூடர் என்பார். ஜி-ஷாக்கே போதும் என்பான் பிறந்தநாள்காரன். எல்லோரும் பேசி முடித்ததும் அம்மா விலையைக் கேட்பார்.

வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐந்து பெயர்களை இங்கே எடை போடுகிறோம்: கேசியோ ஜி-ஷாக், சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ், டிஸ்ஸோ பிஆர்எக்ஸ், டியூடர் பிளாக் பே 58, ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்களுக்காகக் கார்மின் ஜிபிஎஸ் வாட்சும் ஓரமாக வரும்.

## விளையாட்டுப் பெயர் எதைச் சொல்கிறது?

வாட்ச் விளம்பரத்தில் விளையாட்டு மூன்று விதமாக வரும். போட்டிக்கு நேரம் பார்ப்பது ஒன்று. வீரருக்குப் பணம் கொடுத்துக் கையில் கட்டவைப்பது இன்னொன்று. ஒரு வேலைக்கென்றே வாட்சை வடிவமைப்பது மூன்றாவது. கடையில் நீங்கள் வாங்கும் பொருளைப் பாதிப்பது இந்த மூன்றாவது மட்டும்தான்.

நம் ஊர்ப் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். டர்பனில் பிறந்த சாட் லெ குளோ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்றார். 1 நிமிடம் 52.96 விநாடிக்கு எதிராக 1 நிமிடம் 53.01. வித்தியாசம் 0.05 விநாடி. அதை அளந்தது நீச்சல் குளச் சுவரில் பதித்த ஒமேகாவின் தொடுபலகை. வீரரின் கை பட்டதும் கடிகாரம் தானே நிற்கும்.

அந்தப் பலகை வந்ததற்கு ஒரு பழைய வழக்கு காரணம். 1960 ரோம் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நிறுத்தக் கடிகாரத்தோடு நின்ற மூவரும் லான்ஸ் லார்சனுக்குக் குறைந்த நேரத்தைக் குறித்திருந்தார்கள். ஆனால் நடுவர்கள் தங்கத்தை ஜான் டெவிட்டுக்குக் கொடுத்தார்கள். கண்ணை நம்பினால் இதுதான் கதி என்று தெரிந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஒமேகாவின் தொடுபலகை இறங்கியது. 1932 லாஸ் ஏஞ்சலிஸுக்கு 30 நிறுத்தக் கடிகாரங்களோடு போன நிறுவனம் அது. வரலாறு உண்மையானது, பெருமைப்படத் தக்கது. ஆனால் அந்தப் பலகையின் ஒரு கம்பிகூட சீமாஸ்டருக்குள் இல்லை. மேலும், வென்ற லெ குளோவும் தோற்ற ஃபெல்ப்ஸும் இருவருமே ஒமேகாவின் தூதர்களாக இருந்தவர்கள். யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு லாபம்.

## எதை வைத்து அளப்பது

தண்ணீர். இந்த ஊரில் முதல் அளவுகோல் இதுதான். கடல் உப்பு, பிப்ரவரிப் புழுக்கம், வியர்வை மூன்றும் சேர்ந்து வாட்சைத் தின்னும். பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் கை கழுவலாம், அவ்வளவே. 50 மீட்டர் என்றால் எப்போதாவது நீந்தலாம். கடலில் இறங்குகிறவருக்கு 100 மீட்டர் குறைந்தபட்சம், 200 மீட்டரும் திருகி மூடும் கிரவுனும் (நேரம் திருத்தும் பக்கக் குமிழ்) நிம்மதி. அந்த எண்கள் புது வாட்சை ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்து அழுத்தியபோது கிடைத்தவை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் வயதாக ஆக இறுகி வெடிக்கும். ஐந்து வருடம் திறக்காத 200 மீட்டர் வாட்சைவிட, போன மாதம் சோதித்த 100 மீட்டர் வாட்ச் பத்திரமானது. வெந்நீர்க் குளியலுக்கு எதையும் கட்டிக்கொண்டு போகவேண்டாம். சூட்டில் உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும், அந்த இடைவெளியில் நீராவி நுழையும்.

சர்வீஸ். யார் செய்வார்கள், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, என்ன விலை. வாங்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வி இது.

துல்லியம். சுருள்வில்லில் ஓடும் சாவி வாட்ச் (கை அசைவில் தானே சாவி ஏறினால் அது ஆட்டோமேட்டிக்) எவ்வளவு விலையானாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸிடம் தோற்கும். இதை ஏற்க மனமில்லாதவர் ஆட்டோமேட்டிக் வாங்கவேண்டாம்.

எங்கெல்லாம் கட்டிக்கொண்டு போகலாம். சிக்னலில் கார் கண்ணாடியை இறக்கவே யோசிக்கும் நகரத்தில், பெட்டிக்குள் தூங்கப்போகும் வாட்சுக்குப் பெரும்பணம் கொடுப்பதா என்பது குடும்பம் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.

விலையை ராண்டில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். விகிதமாகச் சொன்னால், ஜி-ஷாக் ஜிஏ-2100 ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கோ 5 இரண்டரை முதல் மூன்று. பிஆர்எக்ஸ் குவார்ட்ஸ் மூன்று முதல் நான்கு, அதன் ஆட்டோமேட்டிக் ஆறு ஏழு. டியூடர் முப்பதைத் தாண்டும். ஒமேகா டியூடரைப்போல ஒன்றரை மடங்கு.

| வாட்ச் | தண்ணீர் | ஓட்டம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஜி-ஷாக் ஜிஏ-2100 | 200 மீ | குவார்ட்ஸ், மாதம் ±15 விநாடி | சில வருடத்தில் ரெசின் பட்டை | கடல், ஜிம், பட்டறை |
| சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் | 100 மீ | ஆட்டோமேட்டிக், கழற்றி வைத்தபின் 41 மணி நேரம் | கண்ணாடிக் கீறல் | முதல் சாவி வாட்ச் |
| டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் | 100 மீ | குவார்ட்ஸ், அல்லது 80 மணி நேர ஆட்டோமேட்டிக் | தனிவகைப் பட்டை | அலுவலகம், கல்யாணம் |
| டியூடர் பிளாக் பே 58 | 200 மீ | ஆட்டோமேட்டிக், 70 மணி நேரம் | காப்பீடு | ஒரே வாட்ச் போதும் என்பவர் |
| ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 | 300 மீ | ஆட்டோமேட்டிக், 55 மணி நேரம் | காப்பீடும் சர்வீஸும் | பராமரிக்கப் பணம் ஒதுக்குபவர் |

## கேசியோ ஜி-ஷாக்

கிகுவோ இபே என்ற பொறியாளர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத, 10 பார் அழுத்தம் தாங்கும், 10 வருட பேட்டரி உள்ள வாட்ச் என்று இலக்கு வைத்துக்கொண்டார். முதல் மாடல் 1983இல் வந்தது. மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

சர்ஃபிங், கிரிக்கெட், கிடங்கு வேலை எல்லாவற்றுக்கும் இதுவே சரி. கெடுவது இயந்திரம் அல்ல, பட்டைதான். வெயிலும் ஈரமும் சேர்ந்து ரெசினை நொறுக்கும். கிழிந்தபின் தேடாமல், மாடல் கடைகளில் இருக்கும்போதே ஒரு பட்டை வாங்கி வைக்கலாம். ஜிஏ-2100இன் பேட்டரிக்கு மூன்று வருடம் கணக்கு. மாற்றும்போது உள்வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வளையம் மடங்கி உட்கார்ந்தால் 200 மீட்டர் என்பது வெறும் எழுத்து.

பரிசாகக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. "இதுதானா?" என்று பெரியம்மா கேட்பார். ஆனால் வாரத்தில் ஏழு நாளும் கையில் இருக்கப்போவது இது ஒன்றுதான்.

## சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்

1881இல் டோக்கியோவில் கிந்தாரோ ஹத்தோரி தொடங்கிய கடை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரம் பார்த்தது. 1969 டிசம்பர் 25 அன்று அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டு சுவிஸ்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. இவ்வளவு பாரம்பரியம் இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். பழைய விமர்சனங்கள் புகழ்வது எஸ்கேஎக்ஸ்007 என்ற மாடலை. அது 200 மீட்டர் டைவர் (முக்குளிப்போருக்கான வாட்ச்), கிரவுன் திருகி மூடும். 2019இல் வந்த இன்றைய சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் முகத்தில் அதன் தம்பிபோல இருக்கும். ஆனால் 100 மீட்டர்தான், கிரவுன் அழுத்தி மூடுவது. உஷாகா கடற்கரையில் நீந்தலாம். சிலிண்டர் கட்டிக்கொண்டு அலிவால் ஷோலில் இறங்குவதற்கு இது இல்லை.

உள்ளே இருக்கும் 4ஆர்36 இயந்திரத்துக்கு நிறுவனமே சொல்லும் அளவு, நாளுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம். பெரும்பாலானவை இதைவிட நன்றாகவே ஓடும். எனினும் வாரம் ஒரு முறை சரிசெய்யும் பழக்கம் வேண்டும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் பதறவேண்டாம், ஸ்பீக்கர் அல்லது கைப்பைக் காந்தம் பட்டிருக்கும். மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொள்வதால் துடிப்பு வேகமாகும். காந்தம் நீக்கும் கருவி எந்த ரிப்பேர்காரரிடமும் இருக்கும், ஒரு நிமிட வேலை.

இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை தேதியையோ கிழமையையோ திருகி மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் பல்சக்கரம் தேதித் தட்டைப் பிடித்திருக்கும், வலிந்து திருப்பினால் பல் முறியும். புதிதாக வாங்கியவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான்.

சர்வீஸில் ஒரு சூட்சுமம் உண்டு. 4ஆர்36ஐப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியைவிட, அதற்கு இணையான என்எச்36 இயந்திரத்தைப் புதிதாகப் போடுவது பல நேரம் மலிவாக முடியும். வெளிப்படையாகவே கேளுங்கள். நல்ல ரிப்பேர்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## டிஸ்ஸோ பிஆர்எக்ஸ்

1853இல் ல லோக்லில் தொடங்கிய நிறுவனம், இன்று ஒமேகாவோடு ஒரே ஸ்வாட்ச் குழுமத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பட்டியல் நீளம்: 2001 முதல் மோட்டோ ஜிபி பைக் பந்தயம், 2015 முதல் என்பிஏ கூடைப்பந்து. ஆனால் பிஆர்எக்ஸுக்கு இவற்றோடு சம்பந்தம் இல்லை. 1978 மாடல் ஒன்றைத் தூசி தட்டி 2021இல் மறுபடி விட்டார்கள். பட்டையும் உடலும் ஒரே வார்ப்பாக இறங்கும் அழகுக்காகத்தான் விற்கிறது. கோட்டுக்கும் பொருந்தும், பட்டு வேட்டிக்கும் பொருந்தும்.

அந்த அழகே மறைந்த செலவு. சாதாரணக் கடைப்பட்டை இதில் ஏறாது, இதற்கென்று செய்ததைத்தான் வாங்கவேண்டும். கழற்றிய கண்ணிகளைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். 21 வயதுக் கை 40 வயதில் அதே அளவில் இருக்காது.

குவார்ட்ஸா ஆட்டோமேட்டிக்கா? இந்த மாடலில் எங்கள் வாக்கு குவார்ட்ஸுக்கே. மெலிது, நேரம் சரி, விலை பாதி. பேட்டரி தீரும் முன் விநாடிமுள் நான்கு நான்கு விநாடியாகத் தாவி எச்சரிக்கும். ஆட்டோமேட்டிக்கில் உள்ள பவர்மேட்டிக் 80 வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும், அது வசதிதான். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நெம்புகோல் அதில் இல்லை. தெருமுனை ரிப்பேர்காரரால் சரிசெய்ய முடியாது, நிறுவன சர்வீஸுக்குத்தான் போகவேண்டும்.

இந்த விலையில் ரிப்பேர் கடைப்பக்கமே போக விரும்பாத மாமாக்களுக்கு சிட்டிசன் ஈகோ-டிரைவ் டைவர் நல்லது: ஒளியில் ஓடும், 200 மீட்டர். அலமாரி இருட்டில் மாதக்கணக்கில் போடாமல் இருந்தால் போதும்.

## டியூடர் பிளாக் பே 58

ரோலக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபின் இன்னொரு பிள்ளை. 1926இல் பதிவான பெயர். பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்போர் பல்லாண்டு கட்டிய வாட்ச் என்பதுதான் இதன் உண்மையான பாரம்பரியம். பிளாக் பேயின் தோற்றம் அந்தக் காலத்து டைவர்களிலிருந்து வந்தது.

ரக்பி பின்னால் வந்த உறவு. 2019, 2023 உலகக் கோப்பைகளுக்கு டியூடர்தான் அதிகாரபூர்வமாக நேரம் பார்த்தது. இரண்டையும் நம் ஸ்பிரிங்பாக்ஸ் அணி வென்றதால் இங்கே அண்ணன்மார்களுக்கு இந்தப் பெயர் இனிக்கிறது. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம்: 2017இலேயே டியூடர் கைகோத்தது நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியோடு. 2023 இறுதிப் போட்டியில் 12-11 என்று நாம் தோற்கடித்தோமே, அவர்களேதான்.

வாட்சாகப் பார்த்தால் 39 மில்லிமீட்டர், மெலிந்த கைக்கும் அடங்கும். 200 மீட்டர், திருகு கிரவுன், 70 மணி நேர ஓட்டம், ஐந்து வருட உத்தரவாதம். தேதி கிடையாது. ஆகவே தேதி மாற்றிப் பல் முறியும் வம்பும் கிடையாது. திருகு கிரவுனை மூடும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றி, புரி விழுந்த பிறகு மூடவேண்டும். குறுக்கே ஏற்றினால் புரி தேயும், தேய்ந்தால் குழாயோடு மாற்றவேண்டி வரும்.

பெரும்பணத்துக்கு ஒரே வாட்ச் என்றால் ஒமேகாவைவிட இதற்கே எங்கள் சாய்வு. சிறியது, அடக்கமானது, தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணை உறுத்தாது. இந்த ஊரில் அதுவும் ஒரு பாதுகாப்பு.

## ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300

ஐந்தில் தொழில்நுட்பம் மிகுந்தது இதுவே. 15,000 காஸ் (காந்தப்புல அளவு) வரை காந்தம் தாங்கும், நாளுக்கு 0 முதல் +5 விநாடிக்குள் ஓடும் என்று சுவிஸ் அரசின் மெட்டாஸ் நிறுவனம் சான்று தருகிறது. எம்ஆர்ஐ அறைகளுக்கு அருகே வேலை பார்க்கும் மருத்துவ மாணவருக்கும் மின்நிலையப் பொறியாளருக்கும் இது விளம்பரம் அல்ல, நிஜமான பயன். ஹீலியம் வெளியேற்றும் இரண்டாவது திருகு மட்டும் நம்மில் யாருக்கும் தேவைப்படாது. அதை விளையாட்டாகத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

42 மில்லிமீட்டர், கனம் அதிகம். ஐந்து முதல் எட்டு வருடத்துக்கு ஒரு முறை முழு சர்வீஸ். அந்த ஒரு சர்வீஸுக்கு ஆகும் பணத்தில் புது பிஆர்எக்ஸ் குவார்ட்ஸ் வாங்கிவிடலாம். முப்பது வருடத்தில் நான்கைந்து முறை. பரிசு கொடுப்பவர் ஒரு நாள் செலவழிக்கிறார், வாங்கிக்கொள்பவர் வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கிறார். இப்போதுதான் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு இது சுமையாகலாம். ஓய்வு பெறும் சித்தப்பாவுக்கு, பணம் இருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

## காம்ரேட்ஸ் ஓடுகிறவருக்கு

மேலே உள்ள எதுவும் உதவாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேர வரம்பு. ஜிபிஎஸ் அவ்வளவு நேரம் ஓடவேண்டும். கார்மின் ஃபோர்ரன்னர் 55க்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 20 மணி நேரம். பேட்டரி வயதாகும்போது இது சுருங்கும் என்பதால் 12க்கு மேல் தாராள இடைவெளி இருக்கும் மாடலாகப் பாருங்கள். பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் திரை அணைந்தால் வேகக் கணக்கு கையை விட்டுப்போகும். இது சில வருடப் பொருள், பேரனுக்குப் போகாது. பரிசாக அல்ல, ஓடுகாலணியைப்போலத் தேவையாக வாங்குங்கள்.

## ரசீதில் வராத செலவுகள்

விலை கூடிய வாட்ச் வீட்டுப்பொருள் காப்பீட்டில் தானாக அடங்காது. வீட்டுக்கு வெளியே தொலைந்தாலும் பணம் கிடைக்க, ஆல் ரிஸ்க் பிரிவில் பெயர், வரிசை எண், மதிப்பீட்டுச் சான்று கொடுத்துத் தனியாகச் சேர்க்கவேண்டும். அந்த மாதத் தவணையைப் பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு டியூடர், ஒமேகா பேச்சை எடுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ மலிவு என்று வாங்கிவருகிறவர்கள் சுங்கத்தைக் கணக்கில் வைக்கவேண்டும். பயணிக்கு 5,000 ராண்ட் வரை விலக்கு. அதற்கு மேல் அடுத்த 20,000 ராண்ட் வரை ஒரே விகிதமாக 20 சதவீதம் கட்டலாம். அதையும் தாண்டினால் வழக்கமான வரியும் 15 சதவீத வாட் வரியும். மலிவாகத் தெரிந்த பணம் பெரும்பாலும் இங்கேயே கரைந்துபோகும். இங்கிருந்து கட்டிக்கொண்டு போகும் விலையுயர்ந்த வாட்சை, புறப்படும்போதே சுங்க முகப்பில் பதிவு செய்துகொண்டால் திரும்பும்போது கேள்வி வராது.

உள்ளூர் இணையக் கடைகளில் சில, பிராண்டின் அனுமதியில்லாமல் இறக்குமதியான சரக்கை விற்கும். சட்டவிரோதம் அல்ல, ஆனால் அதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நிறுவன உத்தரவாதம் கிடைக்காது, கடையின் உத்தரவாதம்தான். பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை கடையில் வாங்கியவருக்கு உண்டு. தெரிந்தவரிடம் பழையது வாங்கினால் அது இல்லை.

காவடி நாளில் மஞ்சளும் பாலும் விபூதியும் கண்ணிகளுக்குள் போய் இறுகும். வீட்டிலேயே கழற்றி வைப்பது உத்தமம். மறந்துவிட்டால், கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெத்தென்ற பல்துலக்கியும் குளிர்ந்த தண்ணீரும் போதும். கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் ஓடுங்கள், அரிசியில் புதைத்து வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் எஃகு சில நாளிலேயே துருப்பிடிக்கும்.

பெயர் பொறிக்க நினைத்தால் அதையும் மாடல் தேர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள். சீமாஸ்டருக்கும் சீக்கோ 5இன் பல மாடல்களுக்கும் பின்மூடி கண்ணாடி, இடம் இருக்காது. பிஆர்எக்ஸ் குவார்ட்ஸுக்கும் பிளாக் பே 58க்கும் முழு எஃகு. தமிழில் பொறிப்பதென்றால் கடையின் கணினியில் எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறி விழும். வீட்டிலேயே தட்டச்சு செய்து படமாக்கிக் கொண்டுபோய், முதலில் ஒரு தகரத்துண்டில் பொறித்துக் காட்டச் சொல்லுங்கள்.